வெட்டாத வெள்ளை வயர்

அந்தக் கேமரா கெட்டுப்போகவில்லை. முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது. நான்தான் அதை வேலை செய்ய விடவில்லை.

இரண்டு வருடம்! என் மனைவி மல்லிகாவிடம், “நம்ம கார் ஸ்டீரியோவுக்கு முன்பக்கக் கேமரா ஒத்து வராது” என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் சொன்னதல்ல. தெரிந்து, யோசித்து, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்ன பொய்.

நீங்கள் சிரிக்கலாம். காரின் மூக்கில் பொருத்துகிற ஒரு நெல்லிக்காய் அளவு கேமராவுக்கு இத்தனை பெரிய வாக்குமூலமா என்று... சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நானும் அன்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் செய்தேன். ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘எனக்கு அந்த வேலை தெரியாது’ என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. மலைமேல் குண்டூர் நாட்டில் எங்களுக்கு மிளகும் மரவள்ளியும் இருக்கின்றன. அது போக ஐ.டி.ஐ.யில் வயரிங் படித்தவன் நான். மோட்டார் ரிப்பேர், கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட், செம்மேட்டில் வாடகைக்கு ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு ஸ்டீரியோ, பின்பக்கக் கேமரா... எல்லாம் என் கை பட்டதுதான். எங்கள் காரும் பழைய கார்தான். அதில் டச் ஸ்க்ரீன் ஸ்டீரியோ மாட்டியவனும் நான்தான். அதன் முதுகில் எத்தனை வயர், எது எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

அப்படிப்பட்டவன் ஏன் பொய் சொன்னான்?

அதற்கு நீங்கள் எங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள், நாங்கள் இருவர். எல்லோரும் ஒரே வீட்டில். நல்ல வீடுதான், சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பேசினால் நாலு பேர் வந்து “என்ன விசயம்?” என்பார்கள்! ஆகவே வீட்டில் எங்கள் பேச்சு எல்லாம் உப்பு தீர்ந்துபோச்சு, மோட்டார் ஓடுதா, மாடு தண்ணி குடிச்சுதா... இந்த அளவில்தான் இருக்கும்.

சனிக்கிழமை வந்தால் கதை வேறு. சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தை. மிளகு மூட்டையைப் போட்டுக்கொண்டு நானும் மல்லிகாவும் மலையிறங்குவோம். விலை பேசுவது அவள், வண்டி ஓட்டுவது நான். எழுபது கொண்டை ஊசி வளைவு, கார்க் கதவு சாத்தியிருக்கிறது, கேட்க யாரும் இல்லை.

கதவைச் சாத்தியதும் மல்லிகா வேறு ஆள்! மிளகை வாயில் போட்டுக் கடித்துவிட்டு, விலையைக் குறைப்பதற்காகவே முகத்தைச் சுளிக்கும் வியாபாரி ஒருவர் இருக்கிறார். அவரைப் போலவே செய்து காட்டுவாள். மகளிர் குழுக் கூட்டத்தில் யார் யாரை முறைத்தார்கள், யார் வீட்டு மாடு யார் காட்டில் மேய்ந்தது, என் அம்மா ஒரே கதையைத் தனக்கு எத்தனை முறை சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். சொல்லிவிட்டு டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

திரும்பி ஏறும்போது அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஏற்றத்தில் வளைவு திரும்பும்போது காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். பானட்டுக்கு அந்தப் பக்கம் வானம்தான் தெரியும், ரோடு தெரியாது. அப்போது மல்லிகா ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, “வாங்க வாங்க... ஸ்டீரிங்க ஒடிங்க, நல்லா ஒடிங்க... பஸ் வருதுங்க, நில்லுங்க!” என்று எனக்குக் கண்ணாக இருப்பாள்.

இங்கேயே ஒரு சின்னப் பொய்யையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வளைவுகள் எனக்கு மனப்பாடம். யாரும் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் சொல்வது பிடித்திருந்தது, சொல்ல விட்டேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்த நேரத்தில் மல்லிகா கார் ஓட்டப் பழகினாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். சும்மா ஆசைக்கு அல்ல. அவள் இருக்கும் மகளிர் குழுவில் சாமை, தினை சுத்தம் செய்து விற்கிறார்கள். வாரத்தில் எந்த நாளும் தானே கீழே கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தால் வியாபாரம் பெருகும் என்பது அவள் கணக்கு. எனக்கோ சனிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் வயரிங் வேலை.

மலைமேலேயே இருக்கும் செம்மேடு வரைக்கும் அருமையாக ஓட்டுவாள். வளைவு ஏறுவதற்கு மட்டும் பயம். ஆள் கொஞ்சம் குள்ளம்.

“தலகாணி போட்டு உக்காந்தாலும் ஆகாசந்தானுங்க தெரியுது. ரோடு எங்க கெடக்குதுன்னே தெரியலீங்க” என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட அவள் தம்பி, கோயமுத்தூரில் வேலை பார்க்கிறவன், அக்காவுக்காக ஒரு முன்பக்கக் கேமரா வாங்கி அனுப்பினான். காரின் மூக்கில் பொருத்தினால் பானட்டுக்கு முன்னால் இருக்கும் ரோடு முழுவதும் ஸ்டீரியோவின் திரையில் தெரியும். பெட்டியைப் பிரித்தபோது மல்லிகாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நகைக்கடையில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

மறுநாளே மாட்டினேன். முன் கிரில்லுக்கு நடுவில் கேமரா. அதன் வயரை பானட்டுக்குள் இழுத்து, ரப்பர் அடைப்பு வழியாக டேஷ்போர்டுக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோவின் முதுகில் இருந்த மஞ்சள் சாக்கெட்டில் சொருகினேன். கரண்டுக்கு ஒரு சிவப்பு, எர்த்துக்கு ஒரு கறுப்பு. மெனுவில் போய் முன் கேமராவை ஆன் செய்தேன். படம் வந்துவிட்டது! வாசல் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தது.

மல்லிகா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து என் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வாசலைக் கடந்தார்.

“ஐயோ! அத்தை எடது பக்கம் போறாங்க, இதுல வலது பக்கம் போறாங்களே!”

ஆமாம். படம் கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறியிருந்தது. காரணம் சாதாரணமானது. இந்தக் கேமராக்களைப் பின்பக்கத்துக்கும் மாட்டலாம், முன்பக்கத்துக்கும் மாட்டலாம். பின்பக்கத்துக்குப் படம் கண்ணாடி போல மாறித் தெரிய வேண்டும் என்பதால், செய்யும்போதே அப்படி வைத்துவிடுவார்கள். முன்பக்கத்துக்கு மாட்டுகிறவர்கள் கேமராவின் வயரோடு ஒட்டியிருக்கும் ஒரு சின்ன வெள்ளை வயரை வெட்டிவிட வேண்டும். வளையம் போல இருக்கும். கட்டிங் பிளேயரால் ஒரே ஒரு நறுக்கு. அவ்வளவுதான் வேலை!

பிளேயர் என் கையில்தான் இருந்தது. பானட்டும் திறந்தே இருந்தது.

நான் வெட்டவில்லை.

ஏன்? அந்த ஒரு நொடியில் என் மனதில் ஓடியது இதுதான்... வெட்டினால் இவள் ஓட்டுவாள். இவள் ஓட்டினால் நான் எதற்கு? சனிக்கிழமை எதற்கு? வியாபாரி முகத்தைச் சுளிப்பதை யார் எனக்குச் செய்து காட்டுவார்கள்?

பிளேயரைப் பைக்குள் போட்டேன். மல்லிகாவின் பக்கத்தில் போய் நின்று, ஒரு டாக்டரைப் போலத் தலையை ஆட்டினேன்.

“கெட்ட நேரம் பாரு மல்லி... இந்த ஸ்டீரியோவுக்கு இது ஒத்து வரல. இதை நம்பி வளைவுல ஒடிச்சா நேரா பள்ளத்துக்குத்தான் போகோணும்.”

அவள் திரையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். பயந்துவிட்டாள்.

“சரியாகாதுங்களா?”

“பாக்கலாம். ஒரு பார்ட் வாங்கோணும்.”

வாசகரே, அப்படி ஒரு பார்ட் உலகத்திலேயே கிடையாது! ஆனால் அது இரண்டு வருடம் வந்துகொண்டே இருந்தது. ஒருமுறை கடையில் இல்லை. ஒருமுறை வேறு மாடல் வந்துவிட்டது. ஒருமுறை மழையில் நனைந்துவிட்டது. ‘எர்த் கோளாறோ என்னவோ’ என்று சொல்லி மாதத்துக்கு ஒருமுறை டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையாவது நோண்டுவேன். மல்லிகா செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பாள். “கை வலிக்குதுங்களா? காப்பி வெக்கட்டுங்களா?” என்பாள். வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன்.

அவள் தம்பி சும்மா இருப்பானா? வீடியோ காலில் வந்தான். “மாமா, அந்தக் கேமரா வயரு பக்கத்துல வெள்ளையா ஒண்ணு...” என்று ஆரம்பித்தான். “அலோ... அலோ... கேக்கலியே மாப்ள...” என்று சொல்லிக்கொண்டே கட் செய்தேன். மலையில் இருப்பவனுக்கு சிக்னல் இல்லை என்பதைப் போலக் கைகொடுக்கும் பொய் வேறொன்று இல்லை.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். இப்போது வேடிக்கையில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ராசிபுரத்தில் ஒரு ஹாஸ்டலில் புதன்கிழமைதோறும் சாமை அரிசி கேட்டார்கள். தொடர்ந்து வாங்குவதாகச் சொன்னார்கள். குழுவுக்கு அது பெரிய வாய்ப்பு. புதன்கிழமை எனக்கு வேலை. பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றி இறக்கிக் கொண்டுபோக முடியாது. மல்லிகா என்னிடம் வந்து, “அந்த பார்ட் இந்த வாரம் வந்துருமுங்களா?” என்று கேட்டாள்.

“சொல்ல முடியாது மல்லி” என்றேன்.

அவள் போனை எடுத்து ஹாஸ்டலுக்குப் பேசினாள். “எங்களுக்குத் தோதுப்படலீங்க” என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. குழுவில் மற்ற பெண்கள் அவளைத்தான் குறை சொன்னார்கள், லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு பயந்து சாகிறாள் என்று. அதையும் அவள் காரில் வரும்போது சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் கியரை மாற்றிக்கொண்டே கேட்டேன். அப்போதாவது வண்டியை ஓரம் கட்டிப் பானட்டைத் திறந்திருக்கலாம் அல்லவா? திறக்கவில்லை.

பிறகு ஒரு மழை நாளில் மோட்டார் அறையில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டேன். அடுத்த நாள் சனிக்கிழமை. அந்த வாரம் மிளகு விலை ஏறியிருந்தது. விட மனமில்லை அவளுக்கு.

“நான் போய்ட்டு வாரேனுங்க” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பொன்னியைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். பொன்னியும் அதே குழுதான். ஏறும்போது அவள் எட்டிப் பார்த்துச் சொல்வாளாம்.

நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் வாசலில் நின்றது. என் பை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நொண்டிக்கொண்டு போய் அந்த வெள்ளை வயரை வெட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் வெட்டினால் அவள் பார்த்துவிடுவாள். இவ்வளவுதானா என்று கேட்பாள். அதற்குப் பயந்து பேசாமல் இருந்தேன்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிக்கொள்வேனே என்ற பயத்தில், என் மனைவியை ரோடு தெரியாத ஒரு காரில் எழுபது வளைவுக்கு அனுப்பினேன்! சனிக்கிழமைப் பேச்சுக்கு ஆசைப்பட்டேன் என்று இதற்கு முன்னால் சொன்னேனே, அந்தச் சாக்கு இந்த இடத்தில் செல்லாது. இதைத்தான் நான் முழுக்க முழுக்க என் குற்றம் என்று சொல்கிறேன்.

அன்று நான் பட்ட பாடு! ஒரு வாய் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டாலும் பயம். வாசலில் நாய் குரைத்தால்கூட யாரோ சேதி சொல்ல வருகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். என் அம்மா, “கால் ரொம்ப வலிக்குதா சாமி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் ஆமாம் என்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் கார் வந்து நின்றது. இரண்டு பேரும் இறங்கும்போதே சிரிப்பு!

“பொன்னி கழுத்து ஒரு மொழம் நீண்டு போச்சுங்க! ஒரு வளைவுல வண்டி நின்னே போச்சு. பொறத்தாண்ட லாரிக்காரன் அடிக்கறான் ஆரனு. ‘அண்ணா, நானென்ன உங்களையாட்டம் பொறக்கறப்பவே ஓட்டிட்டா பொறந்தேன்?’னு எறங்கி நின்னு கேட்டுப்போட்டேன்!”

பொன்னி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. வேறு காரணம்.

அடுத்த நாள் மல்லிகா குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது நொண்டிக்கொண்டே போய் பானட்டைத் திறந்து அந்த வெள்ளை வயரை நறுக்கினேன். சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தேன். கோழிகள் எந்தப் பக்கம் ஓடினவோ அந்தப் பக்கமே திரையிலும் ஓடின.

“பார்ட் வந்துருச்சு மல்லி!” என்றேன். கடைசிப் பொய் இதுவாகத்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

அதற்குப் பிறகு மல்லிகாவைப் பிடிக்க முடியவில்லை. புதன், வெள்ளி, சனி... நினைத்த நாளில் மலையிறங்குகிறாள். ஹாஸ்டல் ஆர்டர் திரும்பி வரவில்லை, ஆனால் வேறு மூன்று கடைகளைப் பிடித்துவிட்டாள். நானும் கூடப் போகலாம் என்று நினைத்தேன். துணைக்குப் பொன்னி இருக்கிறாளே, மூட்டை இருக்கிறதே, என் கால் இன்னும் சரியாகவில்லையே என்று அவளே எனக்காகக் காரணம் சொல்லி என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அக்கறையோடுதான் சொன்னாள். சனிக்கிழமைகளில் நான் அப்பாவோடு உட்கார்ந்து மரவள்ளி விலையைப் பற்றிப் பேசினேன். தண்டனைதான், வேறென்ன? ஆனால் அதோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

குழுவின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. என்னையும் வரச் சொன்னார்கள். போனால், மேடையில் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறார்கள்!

“பொண்டாட்டி கார் ஓட்டோணும்னு ரெண்டு வருசம் டேஷ்போர்டுக்கு அடியில படுத்துப் பாடுபட்ட மனுசனுங்க இவரு” என்று தலைவி மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் மல்லிகா எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கும்பிட்டேன்! ‘இதெல்லாம் என் கடமைங்க’ என்று வேறு சொன்னேன்! இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

சால்வைக்கு ஒரு பலன் இருந்தது. பொன்னிக்கும் ஆசை வந்துவிட்டது. அவளும் லைசென்ஸ் வாங்கினாள். அவள் வீட்டிலும் ஒரு பழைய கார் இருந்தது. அதே மாதிரிக் கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, “அண்ணா, எனக்கும் மாட்டிக் குடுங்க” என்றாள்.

அன்று சாயங்காலமே அவள் புருஷன் மாதேஸ் என் தோட்டத்துக்கு வந்தான். மிளகுக் கொடியைத் தடவிப் பார்த்தான். மழையைப் பற்றிப் பேசினான். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தான்.

“அண்ணா, நீங்க முடியாதுன்னு சொன்னா ஊரே நம்பும். இதுக்கு ரெண்டு வருசம் ஆகும்னு சொல்லிப்போடுங்ணா. உங்களுதுக்கு ஆச்சில்ல, அதே மாதிரி. அதுக்குள்ள அவளுக்கு ஆசை அடங்கிரும்.”

நான் ஆடிப்போனேன். அவனுக்கு என் திருட்டுத் தெரியாது. என் கேமராவுக்கு உண்மையிலேயே இரண்டு வருடம் ஆனது என்றுதான் நம்புகிறான். ஆனால் நான் செய்தது அவனுக்கு ஒரு வழியைக் காட்டிவிட்டது!

“ஏன்டா, ஓட்டட்டுமே” என்றேன்.

“அப்புறம் ஊட்டுல யாருங்ணா இருப்பா?”

எனக்குக் கோபம் வந்தது. என்ன மனுஷன் இவன் என்று நினைத்தேன். நான் ஆசையினால் செய்தேன், இவன் அதிகாரத்தினால் செய்யப் பார்க்கிறான், இரண்டும் ஒன்றா என்று மனதுக்குள் வாதாடினேன். வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. போன் பேசி ஹாஸ்டல் ஆர்டரை விட்டுக்கொடுத்தாளே மல்லிகா, அவளுக்கு இதில் என்ன வித்தியாசம்? ஆசையால் நின்ற காரும் நின்ற கார்தானே?

மாதேஸிடம், “ஞாயித்துக்கிழமை வாரேன். மாட்டித்தான் குடுப்பேன்” என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் தொங்கிப்போயிற்று.

பெரிய நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள்! உடனே எனக்கு அடுத்த கவலை வந்துவிட்டது. மல்லிகா அங்கே இருக்கக்கூடாதே! அவள் முன்னால் எப்படி அந்த வயரை வெட்டுவேன்? ஞாயிறு வேண்டாம், புதன்கிழமை அவள் கீழே கடைகளுக்குப் போயிருக்கும்போது வருகிறேன் என்று பொன்னியிடம் சொல்லிப் பார்த்தேன்.

“அக்கா இல்லாமயா? அக்கா பக்கத்துல நிக்கோணுமுங்ணா!” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பொன்னி வீட்டு வாசலில் கார். ஓட்டுநர் சீட்டில் பொன்னி, பக்கத்தில் மல்லிகா. மாதேஸ் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தான். வேலையை ஆரம்பித்தேன். அதே கேமரா, அதே மஞ்சள் சாக்கெட். முடிக்கும் நேரத்தில் டீ கொடுத்தார்கள், தம்ளரைப் பேட்டரி மேல் வைத்தேன். படம் வந்தது. இடவலம் மாறித்தான் வந்தது.

மல்லிகாவுக்குத்தான் எல்லோரையும்விட வருத்தம்.

“அடக் கடவுளே, இதுலயும் அதே கோளாறா! பொன்னி, இதுக்குப் பார்ட் வரோணுமடி. எங்களுக்கு ரெண்டு வருசம் ஆச்சு.”

பொன்னியின் முகம் சுருங்கியது. மாதேஸின் முகம் மலர்ந்தது. அவன் என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாமல் லேசாகத் தலையை ஆட்டினான். ‘சொல்லுங்ணா’ என்று அர்த்தம்.

யோசித்துப் பாருங்கள், நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை! பொய்யைக்கூட மல்லிகாவே எனக்காகச் சொல்லிவிட்டாள். நான் தலையை ஆட்டினால் போதும். என் மானம் தப்பிவிடும், சால்வை நிலைக்கும், வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பொன்னிக்கு ஓர் இரண்டு வருடம் போகும், அவ்வளவுதானே...

பிளேயரை எடுத்தேன். வெள்ளை வயரை நறுக்கினேன்.

“சாவிய ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு கண்ணு” என்றேன் பொன்னியிடம்.

படம் சரியாக வந்துவிட்டது. பொன்னி கூச்சல் போட்டாள். இறங்கி ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மாதேஸ் வீட்டுக்குள் போய்விட்டான்.

மல்லிகா இறங்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாக இறங்கி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நறுக்கிய வயரின் இரண்டு முனைகளும் தெரிந்தன. பேட்டரி மேல் டீத் தம்ளர் இருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடு ஆறலீங்க. குடிங்க” என்றாள்.

குடித்தேன்.

“இவ்வளவுதானுங்களா?”

“ஆமா.”

“சரிங்க” என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் எதையும் கேட்கவில்லை. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ‘உன்னோடு பேச எனக்கு அந்தக் காரை விட்டால் வேறு இடம் இல்லை மல்லி’ என்ற பதில். உண்மையான பதில்தான். ஆனால் கேட்காதவளிடம் அதைப் போய்ச் சொன்னால் அது பதிலா, சாக்கா? தவிர, அவளோடு பேச வேண்டும் என்றால் நான் பேசியிருக்கலாமே! அம்மா அப்பா முன்னால் ஒரு நாளாவது, ‘மல்லி, இப்படி வந்து உட்காரு’ என்று சொல்லியிருக்கிறேனா? அதற்குத் தைரியம் இல்லாமல் அவளுடைய ரோட்டை மறைத்தேன்.

அதற்குப் பிறகு பல வாரங்கள் ஓடிவிட்டன. சோறு போடுகிறாள், சிரிக்கிறாள், மோட்டார் ஓடுதா என்று கேட்கிறாள். கோபம் என்று எதையும் காட்டவில்லை. ‘ஏன் செய்தீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். அவள் கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று சனிக்கிழமை. பொன்னி இப்போதெல்லாம் தன் காரிலேயே போகிறாள். காலையில் மல்லிகா கிளம்பும்போது வாசலில் அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி எல்லோரும் இருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் காரின் பக்கத்தில் நின்றேன்.

“நானும் வரட்டுமா மல்லி? உன்கூட பேசிட்டே போலாம்னு...” என்றேன், சத்தமாகவே.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாசலில் நான் அப்படிக் கேட்டதில்லை. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமினார். மல்லிகாவின் முகம் சிவந்தது. சிரிப்பு வந்ததைப் போல இருந்தது.

முன் சீட்டில் மிளகு மூட்டை உட்கார்ந்திருந்தது. அது சாயாமல் இருக்க அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தாள்.

“எடமில்லீங்களே” என்றாள்.

பின் சீட் முழுக்கக் காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை, என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“ஆமா மல்லி... எடமில்லதான்” என்றேன்.